சதுர எண்களை எந்த வழியால் தொடங்குவது: பாடமாக்கலா, கொட்டை அடுக்கலா, சூத்திரமா?

நீண்ட விடுமுறை வந்தால் கணக்குப் படிப்பிக்கிறவர்களிடம் பெற்றோர் கேட்கும் கேள்விகளில் ஒன்று இது: "சேர், அடுத்த வருசம் பிள்ளைக்கு எட்டாம் ஆண்டு. வர்க்கத்தை முப்பது மட்டும் பாடமாக்க விடட்டோ, இல்லாட்டி விளங்கப்படுத்தித்தான் தொடங்கோணுமோ?" யாழ்ப்பாணத்தில் கொக்குவில், திருநெல்வேலிப் பக்கத்து ரியூசன்களில் மூன்று விதமாகவும் நடக்கிறது. ஓரிடத்தில் 1 முதல் 30 வரை அட்டவணை. இன்னோரிடத்தில் சதுரறூள் கொப்பியில் புள்ளி வைத்துப் படம். வேறோரிடத்தில் நேரே சூத்திரம். மூன்றுக்கும் நியாயம் இருக்கிறது. ஆனால் விடுமுறை ஒன்றுதான், பிள்ளைக்கு விளையாடவும் நேரம் வேண்டும். எதை முதலில் எடுப்பது என்று முடிவு செய்யத்தான் வேண்டும்.

என் முடிவை இப்போதே சொல்லிவிடுகிறேன். கொட்டைகளைச் சதுரமாக அடுக்கிப் பார்ப்பதில் தொடங்குங்கள். அதன் மேல் 25 வரை பாடமாக்க விடுங்கள். சூத்திரத்துக்கு அவசரமில்லை. பள்ளிக்கூடத்தில் பிள்ளை சந்திக்கும் சதுர எண்களின் குணங்களில் பெரும்பாலானவை ஒரே கேள்வியிலிருந்து கிளம்புகின்றன: ஒரு சதுரத்திலிருந்து அடுத்த சதுரத்துக்குப் போக இன்னும் எவ்வளவு சேர்க்க வேண்டும்? இந்தக் கேள்விக்குப் பிள்ளை தன் கையாலேயே விடை கண்டுவிட்டால், அட்டவணையும் சூத்திரமும் பிறகு வரும்போது ஒட்டிக்கொள்ள ஓர் இடம் இருக்கும்.

பாடமாக்கல்

பாடமாக்குவதைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. திண்ணைப் பள்ளிக்கூடங்களில் எண்சுவடி படித்த காலத்தில் குழிமாற்று என்று ஒரு தனிப்பகுதியே இருந்தது. அது வர்க்க அட்டவணைதான். நிலத்தின் பரப்பைச் சொல்ல வேண்டியவனுக்கு அது தொழிற்கருவி. இன்றைக்கும் கணிகருவி இல்லாமல் பைதகரசுத் தேற்றக் கணக்கைச் செய்யும் பிள்ளைக்கு அதே தேவை இருக்கிறது. செங்கோண முக்கோணியின் இரு பக்கங்கள் 8, 15 என்றால் வர்க்கங்கள் 64, 225, கூட்டினால் 289. அந்த 289ஐக் கண்டவுடன் 17 என்று வாயில் வர வேண்டும். அங்கே நின்று காரணி பிரித்துக்கொண்டிருந்தால் மிச்சக் கேள்விகளுக்கு நேரம் போதாது.

சிக்கல் எங்கே என்றால், அட்டவணையை மட்டும் பிடித்துக்கொண்ட பிள்ளைக்கு ஓர் எண் தவறினால் திரும்பி வர வழி இல்லை. 13இன் வர்க்கம் 169, 14இன் வர்க்கம் 196, 31இன் வர்க்கம் 961. மூன்றிலும் அதே 1, 6, 9தான். 12இன் வர்க்கம் 144, 21இன் வர்க்கம் 441. அங்கும் அதே கதை. ஓசையால் பாடமாக்கிய பிள்ளை 169ஐயும் 196ஐயும் மாற்றிச் சொல்வதைக் கவனக்குறைவு என்று அதட்டக் கூடாது. அந்த இரண்டு எண்களையும் பிரித்துக் காட்டும் எதுவும் அதன் கையில் இல்லை. ஒற்றை எண்ணின் வர்க்கம் ஒற்றை, இரட்டை எண்ணின் வர்க்கம் இரட்டை என்று ஒரு வரி தெரிந்திருந்தாலே போதும். 13 ஒற்றை, ஆகவே 196 ஆக முடியாது. 144இலிருந்து அடுத்த சதுரத்துக்கு 25 கூட்ட வேண்டும் என்று தெரிந்திருந்தால் இன்னும் நல்லது. 169 தானாக வரும், அதற்கு மேல் 27 கூட்ட 196 வரும்.

எது வரை பாடமாக்குவது என்பதிலும் ஆளுக்கு ஆள் ஒரு கணக்கு. சிலர் 20, சிலர் 30, ஆர்வக்காரர் 50 என்பார்கள். 25 போதும் என்று நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. 25க்கு மேலே 75 வரை உள்ள எந்த எண்ணையும் 50ஐ நடுவில் வைத்துப் பிடித்துவிடலாம். 43ஐ எடுங்கள். அதில் 25ஐக் கழித்தால் 18. அது நூறுகளின் எண்ணிக்கை. 43க்கும் 50க்கும் உள்ள தூரம் 7. அதன் வர்க்கம் 49. விடை 1849. 52 என்றால் 25 போக 27, தூரம் 2, வர்க்கம் 4, விடை 2704. தூரம் 10க்கு மேலே போனால் நூறைத் தாண்டிய பகுதியை மேலே சேர்த்துக்கொள்ள வேண்டும். 38இல் 25 போக 13. தூரம் 12, வர்க்கம் 144. 1300உடன் 144 சேர 1444. ஆகவே 25 வரை உறுதியாகத் தெரிந்தவனுக்கு 75 வரை கைவசம். முப்பது வரை என்று பிள்ளையை இரவில் இருத்தி வைத்திருக்கத் தேவையில்லை.

அடுக்கிப் பார்த்தல்

இதற்குச் செலவு எதுவும் இல்லை. பழப்புளி கரைத்த பிறகு எறிகிற கொட்டைகளைக் கழுவிக் காயவைத்து ஒரு பேணியில் போட்டு வையுங்கள். நிலத்தில் ஒரு கொட்டையை வைக்கச் சொல்லுங்கள். அது 1. அதை இரண்டுக்கு இரண்டு சதுரமாக்க எத்தனை வேண்டும்? மூன்று: வலப்பக்கத்தில் ஒன்று, மேலே ஒன்று, மூலைக்கு ஒன்று. அதை மூன்றுக்கு மூன்று ஆக்க? வலப்பக்கத்தில் இரண்டு, மேலே இரண்டு, மூலைக்கு ஒன்று, மொத்தம் ஐந்து. அடுத்தது ஏழு, அதற்கடுத்தது ஒன்பது.

இங்கே பெரியவர்கள் வாயைத் திறக்காமல் இருப்பது முக்கியம். "ஒற்றை எண்களைக் கூட்டினால் சதுர எண் வரும்" என்று நீங்கள் சொல்லிவிட்டால் அது இன்னொரு பாடமாக்கும் வரியாகிவிடும். பிள்ளை மூலைக் கொட்டையைத் தனியாகப் பார்க்கும் வரை பொறுங்கள். பக்கத்தில் ஒரு வரிசை, மேலே அதே அளவில் ஒரு வரிசை, இரண்டும் சேருமிடத்தில் ஒன்று. பக்கம் 10 என்றால் அடுத்ததற்கு 10, 10, 1; ஆக 21. பக்கம் 35 என்றால் 71. மூலையில் எப்போதும் ஒன்று மிஞ்சுவதால் சேர்க்கும் தொகை எப்போதும் ஒற்றை. ஒவ்வொரு தடவையும் இரண்டு பக்கமும் ஒவ்வொன்றால் வளர்வதால், சேர்க்கும் தொகை ஒவ்வொரு முறையும் இரண்டால் கூடுகிறது. எண்களுக்குள்ளே ஏன் இப்படி ஓர் ஒழுங்கு என்று கேட்கிற பிள்ளைக்கு இதைவிட நேரான பதில் எனக்குத் தெரியாது.

ஐரோப்பாவில் பிபொனாச்சி என்ற கணித அறிஞர் சதுர எண்களுக்கென்றே ஒரு நூல் எழுதியபோது அவரும் இந்த ஒற்றை எண்களின் கூட்டலைத்தான் அடித்தளமாக எடுத்துக்கொண்டார். அந்த நூல் எழுதப்பட்ட ஆண்டு 1225. அதுவே 35இன் வர்க்கம் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொன்னால் கண் விரியும். கலிலியோ விழும் பொருள்களை ஆராய்ந்தபோதும் இதே வரிசைதான் வந்தது. காற்றுத் தடையை விட்டுவிட்டால், விழுகிற பொருள் முதல் செக்கனில் போகும் தூரத்தை ஒரு பங்கு என்று எடுத்தால், இரண்டாம் செக்கனில் மூன்று பங்கு, மூன்றாம் செக்கனில் ஐந்து பங்கு போகிறது. ஆகவே மொத்தத் தூரம் நேரத்தின் வர்க்கமாக வளர்கிறது. உயர்தரத்தில் பௌதிகம் படிக்கும் அண்ணன் வீட்டில் இருந்தால், தம்பி நிலத்தில் அடுக்குவதும் தான் கொப்பியில் எழுதுவதும் ஒன்றுதான் என்பதை அவனும் ஒருக்கால் வந்து பார்க்கட்டும்.

சதுரத்தை அடுக்கி முடித்த பிறகு அதைக் கலைத்துப் பார்க்கவும் விடுங்கள். அப்போதுதான் மற்றக் குணங்கள் வெளியே வருகின்றன. நான்குக்கு நான்கு சதுரத்தில் மூலைவிட்டத்தோடு ஒட்டி ஓர் ஈர்க்கை வைத்துப் பிரித்தால், ஒரு பக்கம் 10 கொட்டை, மறுபக்கம் 6 கொட்டை. இரண்டும் முக்கோணி எண்கள், அதாவது 1, 2, 3 என்று வரிசை வரிசையாக முக்கோணமாக அடுக்கக்கூடியவை. எந்தச் சதுரத்தையும் இப்படி அடுத்தடுத்த இரண்டு முக்கோணி எண்களாகப் பிரிக்கலாம். ஐந்துக்கு ஐந்து சதுரத்தில் நடுக்கொட்டையை எடுத்துவிட்டால் மிச்சம் 24. அதை நடுவைச் சுற்றி இரண்டுக்கு மூன்று அளவில் நான்கு செவ்வகங்களாக, காற்றாடி மாதிரி, பிரித்துவிடலாம். ஏழுக்கு ஏழு என்றால் மூன்றுக்கு நான்கு அளவில் நான்கு செவ்வகங்கள். இந்தச் செவ்வகங்களின் பக்கங்கள் அடுத்தடுத்த எண்கள், ஆகவே ஒவ்வொன்றிலும் கொட்டைகள் இரட்டைப்படை. நான்கு இரட்டைகள் என்றால் எட்டின் மடங்கு. எந்த ஒற்றை எண்ணின் வர்க்கத்தையும் எட்டால் வகுத்தால் மீதி 1 என்பது இப்படி நிலத்திலேயே தெரிகிறது. 9, 25, 49, 81, 121, எதை வேண்டுமானாலும் வகுத்துப் பாருங்கள்.

அப்புறம் 7 × 9. ஏழு நிரையில் ஒவ்வொன்றிலும் ஒன்பது கொட்டை வையுங்கள். கடைசி நிரலில் இருக்கும் ஏழு கொட்டைகளையும் எடுத்து எட்டாம் நிரையாகக் கீழே வையுங்கள். இப்போது எட்டுக்கு எட்டுச் சதுரம் ஆகியிருக்க வேண்டும், ஆனால் ஒரு மூலையில் ஒரு கொட்டை குறைகிறது. 64இல் ஒன்று குறைய 63. இதே வேலையை 19 × 21க்கு மனதுக்குள்ளே செய்தால் 400இல் ஒன்று குறைய 399. வர்க்கங்களின் வித்தியாசம் என்று இரண்டு வருடம் கழித்துக் கரும்பலகையில் எழுதப்போவது இதைத்தான்.

காரணிகளும் இங்கேயே வரும். 36 கொட்டைகளை எத்தனை விதமான செவ்வகமாக அடுக்கலாம்? 1 × 36, 2 × 18, 3 × 12, 4 × 9, கடைசியாக 6 × 6. மற்ற ஒவ்வொன்றும் இரண்டு காரணிகளைத் தருகிறது. 6 × 6 மட்டும் ஒன்றைத்தான் தருகிறது. அதனால் 36க்குக் காரணிகள் 9. சதுர எண்களுக்கு மட்டுமே காரணிகளின் எண்ணிக்கை ஒற்றையாக வரும் என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

அலுப்பு வந்தால் விளையாட்டாக ஒன்று: பேணியிலிருந்து ஒரு பிடி கொட்டையை எடுத்து, அவை எத்தனையாக இருந்தாலும், நான்கு சதுரங்களுக்கு மேற்படாமல் பிரித்து அடுக்கச் சொல்லுங்கள். 23 வந்தால் 9, 9, 4, 1. எந்த இயற்கை எண்ணுக்கும் இது முடியும் என்று லக்ராஞ்சி என்ற கணித அறிஞர் 1770இல் நிறுவினார். பிள்ளை நிறுவலைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. முடியாத எண் ஒன்றைத் தேடிப் பார்க்கட்டும்.

இந்த வழியின் குறையையும் சொல்ல வேண்டும். நேரம் எடுக்கும். பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு என்றாலே 144 கொட்டை. அதற்கு மேல் அடுக்குவதில் பயன் இல்லை. பின்னம், தசமம் வந்தால் கொட்டை உதவாது. சில பிள்ளைகள் ஒவ்வொரு தடவையும் 1இலிருந்து எண்ணத் தொடங்கிவிடுவார்கள், கூட்டல் வரிசையைப் பார்க்கவே மாட்டார்கள். அப்படிப்பட்ட பிள்ளைக்குச் சேர்க்கும் வரிசையை மட்டும் வேறு நிறத்தில் வைக்கக் குன்றிமணியைக் கொடுத்தால் சரிவரும்.

சூத்திரம்

எண்களுக்குப் பதிலாக எழுத்துகளை வைத்துச் செய்யும் அட்சரகணிதம் எங்கள் ஊருக்குப் புதிதில்லை. அமெரிக்க மிசன் 1823இல் தொடங்கிய வட்டுக்கோட்டைச் செமினரியில் கணிதமும் வானியலும் ஆழமாகப் படிப்பிக்கப்பட்டன. அங்கே படித்த விசுவநாதபிள்ளை 1855இல் அட்சரகணிதத்தைத் தமிழிலேயே நூலாக எழுதினார். ஆகவே சூத்திரம் என்றால் பயப்பட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அதன் பலம் பெரிது. (க + ப)² = க² + 2கப + ப² என்ற ஒரே வரியில் மேலே நிலத்தில் செய்த அத்தனையும் அடங்கிவிடும். 103இன் வர்க்கத்தை 10000, 600, 9 என்று கூட்டி 10609 என்று சொல்லலாம். 98க்கு 10000இல் 400ஐக் கழித்து 4ஐக் கூட்டி 9604.

கொட்டை போக முடியாத இடத்துக்கும் சூத்திரம் போகும். காணி பேசும் எந்த வீட்டிலும் பேர்ச் என்ற அளவு காதில் விழும். ஒரு பேர்ச் என்பது பக்கத்துக்கு பதினாறரை அடி உள்ள சதுரம். பதினாறரையின் வர்க்கம் என்ன? 16 × 17 = 272, அதோடு கால். 272¼ சதுர அடி. எந்த எண்ணோடும் அரை சேர்ந்து வந்தால் அந்த எண்ணையும் அடுத்த எண்ணையும் பெருக்கிக் காலைச் சேர்த்தால் போதும். 5இல் முடியும் எண்களுக்கு ரியூசனில் சொல்லித்தரும் குறுக்குவழியும் இதுதான்: 65க்கு 6 × 7 = 42, பின்னால் 25, ஆக 4225. பக்கத்தை இரட்டிப்பாக்கினால் பரப்பு நான்கு மடங்காகும் என்பதையும் காணியில் காட்டுவது நல்லது. 33 அடிக்கு 33 அடிச் சதுரக் காணி 1089 சதுர அடி, சரியாக 4 பேர்ச். இரண்டு பேர்ச் என்று சொல்லும் பிள்ளைகள்தான் அதிகம். சொல்லிவிட்டுப் படம் கீறிப் பார்த்துத் தாங்களே திருத்துவார்கள்.

ஆனால் சூத்திரத்தில் தொடங்கினால் வருகிற பிழை ஒன்று இருக்கிறது. அது சாதாரண தரம் வரை போகும், சிலரோடு உயர்தரத்துக்கும் போகும்: (க + ப)² என்றதும் க² + ப² என்று எழுதிவிடுவது. நடுவில் இருக்கும் 2கப வெறும் எழுத்தாகவே மனதில் இருந்தால் மறந்துதான் போகும். கொட்டை அடுக்கிய பிள்ளைக்கு அந்த நடு உறுப்பு பக்கத்தில் ஒரு வரிசை, மேலே ஒரு வரிசை. அவை இல்லாமல் வெறும் மூலைச் சதுரத்தை மட்டும் வைத்தால் சதுரம் பொத்தலாக இருக்கும் என்பது அதற்குக் கண்ணால் தெரியும். அடுக்கலை முதலில் வையுங்கள் என்று நான் வற்புறுத்துவதற்கு இந்தப் பிழை ஒன்றே போதும்.

சோதனைக் குறுக்குவழிகளைப் பற்றி

"இது நிறைவர்க்கமா?" என்று கண்டுபிடிக்கும் சோதனைகளைச் சிலர் தனி வழியாகவே படிப்பிக்கிறார்கள். ஒன்றினிடத்தில் 2, 3, 7, 8 வந்தால் அது சதுர எண் அல்ல. இலக்கச் சுட்டி, அதாவது இலக்கங்களை ஓர் இலக்கம் வரும் வரை திரும்பத் திரும்பக் கூட்டி வருவது, 1, 4, 7, 9 ஆக மட்டும்தான் இருக்க முடியும். கடைசியில் பூச்சியங்கள் வந்தால் அவை இரட்டை எண்ணிக்கையில் இருக்க வேண்டும். எல்லாம் உண்மை, பல்தேர்வு வினாக்களுக்கு உதவும். ஆனால் இவை எண்ணை விலக்க மட்டுமே உதவும், ஏற்க உதவாது. இதைச் சொல்லாமல் படிப்பித்தால் பிள்ளை கெட்டுப்போகும்.

2026ஐப் பாருங்கள். 6இல் முடிகிறது. இலக்கங்களின் கூட்டுத்தொகை 10, இலக்கச் சுட்டி 1. இரண்டு சோதனையிலும் தேறிவிட்டது. ஆனால் 45இன் வர்க்கம் 2025. அடுத்த சதுரம் 91 தள்ளி 2116. நடுவில் இருக்கும் 2026 சதுர எண்ணாக இருக்க வழியே இல்லை. இரட்டை எண்ணின் வர்க்கம் நான்கால் வகுபடும் என்ற இன்னொரு சோதனையைப் போட்டால் 2026 அகப்பட்டுவிடும். சரி, 2041? 1இல் முடிகிறது, இலக்கச் சுட்டி 7, எட்டால் வகுத்தால் மீதி 1. எல்லாச் சோதனையையும் தாண்டுகிறது, ஆனாலும் சதுர எண் அல்ல. அது 13 × 157. கடைசியில் முடிவு சொல்வது 45, 46 ஆகிய இரண்டின் வர்க்கங்களுக்கு நடுவில் அது அகப்பட்டிருக்கிறது என்ற ஒன்றுதான். இரண்டு சதுரங்களுக்கு நடுவில் எவ்வளவு இடைவெளி என்று தெரிந்த பிள்ளைக்குச் சோதனைகள் நல்ல துணை. தெரியாத பிள்ளைக்கு அவை பிழையான நம்பிக்கையைத் தரும்.

வர்க்கமூலம் வரும்போது

இதே தெரிவு வர்க்கமூலத்திலும் வருகிறது. முதன்மைக் காரணியாகப் பிரிப்பதா, வகுத்தல் முறையா, நெருங்கிப் பிடிப்பதா? 1764 என்றால் காரணி அழகாக வேலை செய்யும்: 2² × 3² × 7², மூலம் 42. √72ஐ 6√2 என்று சுருக்கவும் காரணிதான் வேண்டும். ஆனால் 2209ஐக் கொடுத்தால் பிள்ளை 2, 3, 5, 7, 11 என்று தொடங்கி 43 வரை வகுத்துக் களைத்துப்போகும், ஏனென்றால் அது 47 × 47. நெருங்கிப் பிடிப்பவனுக்கு அது சின்ன வேலை. 40இன் வர்க்கம் 1600, 50இன் வர்க்கம் 2500, ஆகவே நாற்பதுக்கு மேல் ஏதோ ஒன்று. 9இல் முடிவதால் 43 அல்லது 47. 45இன் வர்க்கமான 2025ஐவிடப் பெரிது, ஆகவே நிறைவர்க்கமாக இருந்தால் 47தான். பெருக்கிச் சரிபார்த்தால் முடிந்தது.

வகுத்தல் முறையைப் பல பிள்ளைகள் மந்திரம் மாதிரிச் செய்கிறார்கள். இரண்டிரண்டு இலக்கமாகப் பிரி, முதல் மூலத்தை இரட்டிப்பாக்கு, பக்கத்தில் ஓர் இலக்கத்தைப் போடு. ஏன் இரட்டிப்பாக்க வேண்டும் என்று கேட்டால் பதில் வராது. ஆரியபட்டர் 499இல் இலக்கம் இலக்கமாக மூலம் காணும் முறையைச் சொன்னார். இன்று கொப்பியில் செய்வதும் அதே வழிதான். அதன் உள்ளே இருப்பது கொட்டை அடுக்கல். 2209 கொட்டைகளில் நாற்பதுக்கு நாற்பது சதுரம் ஒன்றை அடுக்கினால் 1600 போய்விடும், மிச்சம் 609. அந்த மிச்சத்தை வலப்பக்கமும் மேலேயும் வரிசையாக வைக்க வேண்டும். பக்கத்துக்கு 40ஆக இரண்டு பக்கம் என்றால் 80. அதனால்தான் இரட்டிப்பு. ஏழு வரிசை வைத்தால் ஒரு பக்கம் 280, மறுபக்கம் 280, மூலையில் ஏழுக்கு ஏழு 49. கூட்டினால் 609, மிச்சம் எதுவும் இல்லை. வகுத்தல் முறையில் 87 × 7 என்று எழுதுவது இந்த மூன்று துண்டையும் சேர்த்துத்தான்.

நிறைவர்க்கம் அல்லாத எண்ணுக்கும் இதே பார்வை உதவுகிறது. மேட்டுக் காணியில் ஒரு பரப்பு என்றால் 10 பேர்ச், அதாவது 2722½ சதுர அடி. அது சரியான சதுரமாக இருந்தால் பக்கம் எத்தனை அடி? 52இன் வர்க்கம் 2704. மிச்சம் 18½. இரண்டு பக்கமும் சேர்த்து 104 அடி நீளத்துக்கு அந்த மிச்சத்தைப் பரப்ப வேண்டும். 18½ஐ 104ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 0.18. ஆகவே 52.18 அடி, 52 அடி 2 அங்குலத்துக்குக் கொஞ்சம் கூட. மூலைத்துண்டு அவ்வளவு சின்னது என்பதால் அதை விட்டுவிடலாம். கணிகருவியில் போட்டுப் பாருங்கள், இரண்டு தசமம் வரை இதுதான் வரும். நான் இவற்றில் ஒன்றைத் தெரிந்தெடுக்கச் சொன்னால் நெருங்கிப் பிடித்தலை முதலிலும் காரணியை அடுத்ததாகவும் வைப்பேன். வகுத்தல் முறையை ஏன் இரட்டிப்பு என்று பிள்ளை சொல்லத் தொடங்கிய பிறகு தரலாம்.

எந்தப் பிள்ளைக்கு எது

புலமைப்பரிசில் பரீட்சைக்குப் படிக்கும் சின்னப் பிள்ளைக்கு அடுக்கல் மட்டும் போதும். 1, 4, 9, 16, அடுத்தது என்ன என்ற கேள்விக்கு 7க்குப் பிறகு 9 கூட்ட வேண்டும் என்று காரணத்தோடு சொல்லும். ஏழாம், எட்டாம் ஆண்டுப் பிள்ளைக்கு மேலே சொன்ன ஒழுங்கு: அடுக்கல், பிறகு 25 வரை பாடம், அதற்குப் பிறகு பள்ளிக்கூடத்தில் வரும்போது சூத்திரம். சாதாரண தரத்துக்கு ஒரு மாதம்தான் இருக்கிறது, வர்க்கங்கள் இன்னும் தடுமாறுகின்றன என்றால் கொட்டையைத் தேடி ஓட வேண்டாம். அட்டவணையை எடுத்து 25 வரை எழுதிப் பக்கத்தில் ஒவ்வொரு இடைவெளியையும் எழுதவையுங்கள்: 3, 5, 7, 9. அந்த ஒரு நிரல் பாதி விளக்கத்தைத் தானே கொடுத்துவிடும். சூத்திரத்தில் ஆர்வம் உள்ள, எழுத்துகளோடு விளையாடப் பிடிக்கிற பிள்ளை என்றால் அதைத் தடுக்காதீர்கள். ஆனால் 2கபவுக்கு ஒரு படம் மட்டும் கீறவையுங்கள்.

அடுக்கலிலிருந்து அட்டவணைக்கு எப்போது மாறுவது என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது ஒரு கேள்விதான். 60இன் வர்க்கம் 3600 என்று சொல்லிவிட்டு, பெருக்காமல் 61இன் வர்க்கத்தைக் கேளுங்கள். 3721 என்று சொல்லி, பக்கத்துக்கு 60, மேலே 60, மூலைக்கு ஒன்று என்று கையால் காட்டினால் பேணியை மூடி வைத்துவிட்டு அட்டவணையைத் தொடங்கலாம். விடையை மட்டும் சொன்னால் இன்னும் ஓரிரு மாலை அடுக்கட்டும்.